உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவதற்கு முன்

1910ஆம் ஆண்டு பாட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு சிறிய அறிக்கையை வெளியிட்டார். மெட்ராஸ் ஹன்ட் என்ற வெள்ளைக்காரர்களின் வேட்டைக் குழு வளர்த்த நாய்களின் ரத்தத்தில் அதுவரை யாரும் விவரித்திராத ஓர் ஒட்டுண்ணியைப் பார்த்ததாகவும், பிறகு அதையே குள்ளநரியின் ரத்தத்திலும் கண்டதாகவும் அதில் எழுதியிருந்தார். இன்று பபீசியா கிப்சோனி என்று உலகம் முழுக்க அழைக்கப்படும் உயிரி அதுதான். நாய்களைத் தாக்கும் இன்னொரு உண்ணிக் கிருமியான எர்லிக்கியாவைப் பற்றித் தென்னிந்தியாவிலிருந்து இந்தியன் வெட்டரினரி ஜர்னலில் 1944லேயே எழுதிவிட்டார்கள். ஆக, உண்ணி கொண்டுவரும் நோய்களுக்கும் நம் ஊர் நுண்ணோக்கிகளுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம்.

அவ்வளவு பழக்கம் இருந்தும், காய்ச்சலோடு வரும் நாய்க்குச் சீட்டில் ‘டிக் ஃபீவர்’ என்று எழுதும்போது எந்த நோயைச் சொல்கிறோம் என்பது பல நேரம் தெளிவாக இருப்பதில்லை. எர்லிக்கியா வெள்ளையணுவுக்குள் வாழும் பாக்டீரியா; டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படும். பபீசியா சிவப்பணுவை உடைக்கும் ஓரணு உயிரி. டாக்சிசைக்ளின் மட்டும் கொடுத்தால் அது அசைந்துகொடுக்காது. ஹெபடோசூன் என்ற மூன்றாவது, உண்ணி நாயைக் கடிப்பதால் வருவதில்லை. நாய் உண்ணியைக் கடித்து விழுங்குவதால் வருகிறது. தட்டணுக்களுக்குள் புகும் அனாபிளாஸ்மா வேறு இருக்கிறது. ஒரே நாயில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். இத்தனைக்கும் ஒரே பெயர். பல இடங்களில் ஒரே ஊசி.

நாய், பூனைகளின் நோயறிதல் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க இந்த ஒரு பெயரிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று தோன்றுகிறது. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனை வசதி வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. பரிசோதனைக்கு முன் விலங்கைப் பார்க்கவும் வளர்ப்பவரிடம் கேட்கவும் செலவிட வேண்டிய நேரம் அதே வேகத்தில் சுருங்கிக்கொண்டு வருகிறது. நோய் தவறவிடப்படும் இடம் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியபோது அதன் கவலை குதிரையும் மாடும், குறிப்பாக மந்தை மந்தையாக மாடுகளைச் சாய்த்த வெக்கை நோயும். 1903இல் சென்னை வேப்பேரியில் கல்லூரி தொடங்கியபோதும் நிலைமை அப்படித்தான். மந்தை வைத்தியத்தின் நியாயம் வேறு: செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தால் மீதி நூறுக்கும் விடை கிடைத்துவிடும். வீட்டு நாய்க்கு அந்த வழி இல்லை. இருப்பது ஒன்றே ஒன்று. அது உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடித்தாக வேண்டும். ஊர்ப்புறத்துக் கால்நடை மருந்தகங்கள் இன்றும் மாடு, ஆடு, கோழிக்காகவே அமைந்தவை. அங்கே ஒரு லேப்ரடாரைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு டாக்டரின் கையும் அனுபவமும் கிடைக்கும், ஆய்வகம் கிடைக்காது. நகரத்துத் தனியார் கிளினிக்கில் ஆய்வகம் கிடைக்கும். கை கிடைக்கிறதா என்பது வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

“ரெண்டு நாளா சாப்பிடலை டாக்டர்.” கிளினிக் வாசலில் மிக அதிகமாகக் காதில் விழும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். இதற்குள் குறைந்தது மூன்று நோய்க் கூட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. தட்டுப் பக்கமே போகவில்லையா? ஆசையாகப் போய், முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறதா? வாயில் எடுத்துவிட்டு மெல்ல முடியாமல் கீழே போடுகிறதா? முதலாவது பொதுவான சோர்வு, காய்ச்சல். இரண்டாவது குமட்டல், சிறுநீரகம், கல்லீரல், கணையம் என்று தேட வேண்டும். மூன்றாவது பல், நாக்கு, தாடை. வளர்ப்பவர் மூன்றையும் ஒரே சொல்லில் சொல்வார். பிரித்தெடுப்பது டாக்டரின் வேலை.

வாந்தி இன்னும் சிக்கலானது. வயிறு குலுங்கி, குனிந்து, ஓங்கரித்துக் கக்குவது வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல் சாப்பிட்டது அப்படியே வாய்வழியே நழுவி விழுவது எதுக்களிப்பு. வீட்டில் இரண்டுமே ‘வாமிட்’தான். ஆனால் வாந்திக்கு வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டும். எதுக்களிப்புக்கு உணவுக்குழாய் தளர்ந்து விரிந்திருக்கிறதா என்று மார்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வயிற்று ஸ்கேனுக்கு அனுப்பினால் எல்லாம் நார்மல் என்று அறிக்கை வரும், நாய் கக்கிக்கொண்டே இருக்கும். செல்போன் வீடியோ இந்த விஷயத்தில் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. வீட்டில் நடப்பதை முப்பது நொடி படம் பிடித்துக்கொண்டு வரச் சொல்லும் டாக்டர்கள் பெருகியிருப்பது, ரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் பெருகியதைவிட முக்கியமான முன்னேற்றம் என்பேன்.

கேட்க வேண்டிய இன்னொன்று, கேட்டாலும் உண்மையான பதில் கிடைக்காதது: “வீட்ல என்ன மருந்து கொடுத்தீங்க?” ‘ஒண்ணும் கொடுக்கலை’ என்பார்கள். நாலைந்து கேள்விக்குப் பிறகு, குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த பாராசிட்டமாலில் பாதி வெளியே வரும். நாய்க்கே அது அபாயம்; பூனைக்கு விஷம். பூனையின் கல்லீரலில் அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் நொதி போதிய அளவு இல்லை. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். ஈறின் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிற டாக்டர் இந்தக் கேள்வியை அதட்டாமல், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பார்.

பிறகு கை. நல்ல டாக்டர் நாயைத் தொடுவதற்கு முன்பே பாதியைப் பார்த்துவிடுவார்: நடை, மூச்சின் எண்ணிக்கை, எந்தக் காலில் பாரம் போடாமல் நிற்கிறது என்பது. மேசைமேல் ஏற்றியதும் மேலுதட்டைத் தூக்கிக் கட்டைவிரலால் ஈறை அழுத்திவிட்டு எடுப்பார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நேரமெடுத்தால் ரத்த ஓட்டம் குறைகிறது. ஈறே வெளிறியிருந்தால் ரத்தசோகை, மஞ்சளோடினால் காமாலை. அடிவயிற்றின் மயிரில்லாத தோலில் ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் தட்டணு குறைந்திருக்கிறது. தாடைக்குக் கீழ், தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் நெறிக்கட்டிகளைத் தடவிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் நெறிப்புற்று பிடிபட்ட நாய்களும், அது மிச்சப்படுத்தப்பட்டதால் பிடிபடாமல் போன நாய்களும் நிறைய.

வெப்பநிலையில் ஒரு பொதுக்குழப்பம் இருக்கிறது. மனிதர்களுக்கு 101 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். நாய்க்கும் பூனைக்கும் 101 முதல் 102.5 வரை இயல்பு. மே மாதம் ஆட்டோவில் அரை மணி நேரம் மூச்சிரைத்துக்கொண்டு வந்த பக் நாய்க்கு 104 காட்டினால் அது காய்ச்சலா, வெயிலா என்று தெரியாது. மின்விசிறிக்கடியில் பதினைந்து நிமிடம் கிடத்திவிட்டு மறுபடி பார்த்தால் தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பேனாவைத் திறக்க வேண்டும், அப்போதும் நோயின் பெயரை எழுதுவதற்கல்ல. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968இல் மனித மருத்துவத்துக்காக முன்வைத்த முறை ஒன்று கால்நடைக் கல்லூரிகளிலும் நிலைபெற்றிருக்கிறது: முதலில் பிரச்சினைகளைப் பட்டியலிடு, ஒவ்வொன்றுக்கும் காரணங்களை யோசி, பிறகு பரிசோதனையைத் தேர்ந்தெடு. ‘வெளிறிய ஈறு, காய்ச்சல், பெருத்த மண்ணீரல், தேயிலை நிறத்தில் சிறுநீர்’ என்று எழுதிக்கொண்டால் சிவப்பணு உடைகிறது என்ற முடிவுக்கு வரலாம். யார் உடைக்கிறார்கள்? பபீசியாவாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றலே தன் அணுக்களை உடைக்கும் நோயாக இருக்கலாம். எலிக் காய்ச்சலாக இருக்கலாம். சின்ன வெங்காயம் போட்ட சாம்பார் சாதமாகக்கூட இருக்கலாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் சிவப்பணுவைச் சிதைப்பவை. ‘டிக் ஃபீவர்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மற்ற மூன்றும் யோசனைக்கே வராது.

இனி நுண்ணோக்கி. காது மடலின் நுனியைக் குத்தினால் வரும் முதல் சொட்டு ரத்தம், காலின் சிரையிலிருந்து எடுத்ததைவிடப் பபீசியாவைக் காட்டிக்கொடுக்க வாய்ப்பு அதிகம். ஒட்டுண்ணி புகுந்த அணுக்கள் நுண்குழாய்களில் தேங்குகின்றன. சொட்டைக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வைத்து, இன்னொரு தகட்டைச் சாய்வாகப் பிடித்து ஒரே இழுப்பில் தள்ள வேண்டும். கை நடுங்கினால் வரி விழும், அழுத்தினால் அணுக்கள் உடையும். நன்றாக இழுத்த தகடு ஒரு முனையில் தடிப்பாகத் தொடங்கி, மறுமுனையில் இறகு விளிம்புபோல் மெலிந்து முடியும். உலர்த்தி, சாயமேற்றி, எண்ணெய்ச் சொட்டு வைத்து நூறு மடங்கு வில்லையில் பார்த்தால் சிவப்பணுவுக்குள் ஊதா விளிம்போடு சின்ன வளையம். அது கிப்சோனி. பேரிக்காய் வடிவத்தில் பெரிதாக, இரட்டையாக இருந்தால் பபீசியாவின் வேறு வகை. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. மோனோசைட் என்ற பெரிய வெள்ளையணுவுக்குள் நெருக்கமாகச் சேர்ந்த மணிக்கொத்து தெரிந்தால் எர்லிக்கியா. ஆனால் அந்தக் கொத்து நோயின் ஆரம்ப நாட்களில் மட்டும், அதுவும் அபூர்வமாகவே கண்ணில் படும். தகட்டில் கண்டால் நோய் உறுதி. காணாவிட்டால் ஒன்றும் உறுதியில்லை.

இதே தகடு தட்டணுக் கணக்கையும் சரிபார்க்கும். டெங்குவுக்குப் பிறகு தட்டணு என்ற சொல் நம் வீடுகளில் பீதியாகவே நுழைந்துவிட்டது. நாயின் எண்ணிக்கை 50,000 என்று அறிக்கை வந்ததும் பப்பாளி இலை தேடி ஓடுகிறார்கள். இயந்திரம் சொன்ன எண்ணை நம்புவதற்கு முன் எண்ணெய் வில்லையின் ஒரு பார்வைப் பரப்பில் எத்தனை தட்டணு தெரிகிறது என்று எண்ண வேண்டும். ஒவ்வொன்றும் மைக்ரோலிட்டருக்குச் சுமார் 15,000 என்று கொள்வது வழக்கம். பத்து தெரிந்தால் கவலை இல்லை. பூனை ரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்துகொள்ளும். இயந்திரம் குவியலை எண்ணத் தெரியாமல் குறைவு என்று அச்சடிக்கும். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் வகை நாய்களுக்குப் பிறவியிலேயே தட்டணு எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. அவை நோயாளிகளே அல்ல. கிரேஹவுண்டின் சிவப்பணு விகிதம் மற்ற நாய்களைவிட இயல்பாகவே அதிகம். இனம் தெரியாமல் எண்ணைப் படிக்க முடியாது.

கிட் என்று சொல்லப்படும் விரைவுப் பரிசோதனைகளுக்கு வருவோம். பத்து நிமிடத்தில் கோடு விழுந்துவிடும். எர்லிக்கியா கிட்டில் விழும் கோடு பெரும்பாலும் எதிர்ப்பொருளைக் காட்டுகிறது, கிருமியை அல்ல. போன வருடம் வந்து குணமான நாய்க்கும் பல மாதங்கள் கோடு விழும். நோய் தொடங்கி முதல் வாரத்தில், எதிர்ப்பொருள் உருவாகுமுன், நிஜமான நோயாளிக்குக் கோடு விழாது. உண்ணி இல்லாத வீடு அபூர்வமான ஊரில் இந்தக் கோட்டுக்கு எவ்வளவு மதிப்பு? நாய்க்குக் காய்ச்சல், தட்டணுக் குறைவு, உடலில் உண்ணி மூன்றும் இருந்தால் மதிப்பு உண்டு. அறுவைக்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்தால், ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மாத டாக்சிசைக்ளின் என்று முடியும். கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் இந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது. ஆனால் நாள்பட்ட எர்லிக்கியா மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பதுங்கிக்கொண்டால், காலில் எடுத்த ரத்தத்தில் பிசிஆரும் இல்லை என்றே சொல்லும்.

நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ நோயிலும் இதே கதைதான். 1978இல் உலகம் கண்டுகொண்ட அந்த வைரஸுக்கு மலத்தில் பார்க்கும் கிட் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தடுப்பூசி போட்ட சில நாட்களில் ஊசியின் வைரஸே மலத்தில் வந்து கோடு காட்டலாம். குட்டி ரத்தமாகக் கழிகிறதென்றால் கொக்கிப்புழுவும் காரணமாகலாம், குடல் குடலுக்குள் செருகிக்கொள்வதும் காரணமாகலாம். மலத்தை ஒரு சொட்டு தகட்டில் பார்க்காமல் பார்வோ என்று முடிவுகட்டிச் செத்த குட்டிகளில் புழுவால் செத்தவையும் இருக்கும்.

‘ஃபுல் பாடி ப்ரொஃபைல்’ என்று இருபது அளவுகளை ஒரே விலைக்குத் தரும் தொகுப்புகள் மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லை. காரணம் எளிய கணக்கு. ஒவ்வோர் அளவுக்கும் ‘இயல்பு எல்லை’ என்று அச்சிடப்படுவது ஆரோக்கியமான விலங்குகளில் 95 விழுக்காடு அடங்கும் எல்லை. மீதி ஐந்து விழுக்காடு ஆரோக்கியமாக இருந்துகொண்டே எல்லைக்கு வெளியே நிற்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது அளவுகளைப் பார்த்தால், எந்த நோயும் இல்லாத நாய்க்கு ஒன்றாவது தப்பாக வருவதற்கு வாய்ப்பு 64 விழுக்காடு. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் வளர்ப்பவர் பயப்படுவார், டாக்டர் இன்னொரு பரிசோதனை எழுதுவார். ஏஎல்பி என்ற நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். வளரும் குட்டிக்கு எலும்பிலிருந்தே அது கூடுதலாக வரும். ஸ்டீராய்டு சாப்பிட்ட நாய்க்கு எகிறும், கல்லீரல் கெட்டிருக்க வேண்டியதில்லை. பூனைக்கோ அந்த நொதி ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும் என்பதால் சிறிய உயர்வுகூடப் பெரிய செய்தி. ஒரே எண், மூன்று பொருள்.

மாறாக, மிக மலிவான ஒன்று ஒதுக்கப்படுகிறது: சிறுநீரின் அடர்த்தி. கையடக்கக் கண்ணாடிக் கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டியதுதான். உடலில் நீர் வற்றியிருக்கும்போது நல்ல சிறுநீரகம் சிறுநீரைக் கெட்டியாக்கும், நாயில் 1.030க்கு மேல், பூனையில் 1.035க்கு மேல் காட்ட வேண்டும். வற்றிய உடம்பில் தண்ணியான சிறுநீர் வந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கலாம். எல்லோரும் எடுக்கும் கிரியாட்டினின், சிறுநீரகச் செயல்பாட்டில் முக்கால் பங்கு போன பிறகுதான் எல்லை தாண்டும். எஸ்டிஎம்ஏ என்ற புதிய அளவு சராசரியாக 40 விழுக்காடு இழப்பிலேயே உயரத் தொடங்குகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அது நல்ல கருவிதான். ஒரு சொட்டுச் சிறுநீரைப் பார்க்காத இடத்தில் அதை வாங்கி வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பூனை தனி உலகம். சிறிய நாய் என்று அதை நினைத்து நடத்திய காலம் இன்னும் முழுதாக முடியவில்லை. மணல் தட்டில் உட்கார்ந்து முக்கும் ஆண் பூனையைப் பார்த்துவிட்டு, “மோஷன் போகலை, மலச்சிக்கல்” என்று போனிலேயே விளக்கெண்ணெய் அளவு கேட்பவர்கள் உண்டு. முக்கால்வாசி அது சிறுநீர்க் குழாய் அடைப்பு. ஆண் பூனையின் குழாய் நுனியில் மிகக் குறுகல். சளியும் படிகமும் சேர்ந்து அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். அடிவயிற்றில் கை வைத்தால் எலுமிச்சைக்குமேல் பருத்த, கல்லாக இறுகிய பை தட்டுப்படும். இந்த நோயைக் கண்டுபிடிக்கக் கை போதும். ‘உடனே தூக்கிக்கொண்டு வாங்க’ என்று போனில் சொல்லத் தெரிந்தால் பூனை பிழைக்கும்.

பூனை வலியைக் காட்டாது என்பது பழைய புகார். காட்டுகிறது, நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட முகபாவ அளவுகோல் சொல்கிறது. காதின் நிலை, கண்ணின் இறுக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசையின் கோணம், தலையின் நிலை என்று ஐந்தையும் பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை மதிப்பிட்டுக் கூட்டினால் பத்துக்கு ஒரு மதிப்பெண். நான்கை எட்டினால் வலி மருந்தைப் பரிசீலிக்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். சர்க்கரை விஷயத்திலோ நிலைமை நேரெதிர்: பூனை தேவைக்கு மேலேயே காட்டிவிடும். கூடையில் அடைத்து, நாய்கள் குரைக்கும் கூடத்தில் உட்கார வைத்து, பிடித்து ரத்தம் எடுத்தால் பயத்திலேயே சர்க்கரை ஏறும். அந்த ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று இன்சுலின் தொடங்குவது ஆபத்து. கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமினோ, வீட்டில் பிடித்துவந்த சிறுநீரோ சந்தேகத்தைத் தீர்க்கும்.

எஃப்ஐபி என்ற பூனை நோய், சிகிச்சை வந்தால் நோயறிதலின் எடையே மாறிவிடும் என்பதற்கு நல்ல சாட்சி. சாதாரணமாகப் பூனைகளின் குடலில் குடியிருக்கும் கொரோனா வைரஸ் (நமக்கு வந்தது வேறு) சில இளம் பூனைகளில் உருமாறி, வயிற்றிலோ மார்பிலோ மஞ்சள் நீரைக் கோத்துவிடும். உறுதியாகச் சொல்ல ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. எதிர்ப்பொருள் பார்த்தால் நல்ல பூனைகள் பலவற்றுக்கும் இருக்கும். அதனால் சின்னச் சின்னச் சான்றுகளைச் சேர்க்க வேண்டும்: வயது, விடாத காய்ச்சல், ரத்தத்தில் ஆல்புமினுக்கும் குளோபுலினுக்கும் உள்ள விகிதம் 0.4க்குக் கீழே போவது, அசிடிக் அமிலம் கலந்த தண்ணீரில் அந்த மஞ்சள் நீரைச் சொட்டினால் கரையாமல் திரண்டு தொங்குவது. முன்பெல்லாம் இதில் தவறு நேர்ந்தாலும் முடிவு மாறப்போவதில்லை, எப்படியும் பூனை இறந்துவிடும் என்று இருந்தது. 2019இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 நெடுநாள் பிழைத்தன. அன்றிலிருந்து ‘அநேகமாக எஃப்ஐபி’ என்பதற்கும் ‘எஃப்ஐபி’ என்பதற்கும் நடுவே உள்ள தூரத்துக்கு விலை வந்துவிட்டது. சிகிச்சை சுமார் மூன்று மாதம், செலவும் அதிகம்.

மருந்து கொடுத்துப் பார்த்து நோயைத் தீர்மானிப்பதைப் பலர் ஏளனமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காசும் ஆய்வகமும் இல்லாத ஊரில் அதுவும் ஒரு பரிசோதனைதான், ஒழுங்காகச் செய்தால். எர்லிக்கியாவின் ஆரம்ப கட்டத்தில் டாக்சிசைக்ளின் தொடங்கிய ஓரிரு நாளில் நாய் எழுந்து சாப்பிடும். எழவில்லை என்றால் வேறு யோசி என்பது நேர்மையான பதில். ஒரு மருந்து மட்டும் கொடுக்க வேண்டும், எத்தனை நாள் என்று முன்பே சொல்ல வேண்டும், என்ன நடந்தால் தோல்வி என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். நடப்பது வேறு: ஆன்டிபயாடிக், காய்ச்சல் ஊசி, பி-காம்ப்ளெக்ஸ், கூடவே ஒரு ஸ்டீராய்டு. அன்று மாலை நாய் சாப்பிடும், வளர்ப்பவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார். எது வேலை செய்தது? ஸ்டீராய்டு எந்த நாயையும் இரண்டு நாள் சாப்பிட வைக்கும். நெறிப்புற்று உள்ள நாய்க்கு அது விழுந்துவிட்டால் கட்டிகள் சுருங்கும், ஊசியால் உறிஞ்சிப் பார்த்தாலும் தெளிவாகத் தெரியாது, பிறகு கொடுக்கும் மருந்துக்கும் புற்று சரியாகக் கட்டுப்படாது. அந்த ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டிருந்தால், நோயின் பெயரைக் கண்டுபிடித்திருக்கலாம்.

புற்று என்றதும் தெருநாய்களின் ஒரு விசித்திர நோயைச் சொல்லாமல் போக முடியாது. பெண் நாய்க்கு ரத்தம் கசிகிறது, பருவத்துக்கு வந்திருக்கிறது என்பார்கள். ஆண் நாய்க்குச் சொட்டுச் சொட்டாக ரத்தம், சிறுநீரில் தொற்று என்று மாத்திரை கொடுப்பார்கள். வாரக்கணக்கில் நிற்காது. உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் காலிஃபிளவர் போன்ற கட்டி. இனச்சேர்க்கையில் ஒரு நாயின் புற்றணுவே இன்னொரு நாயில் போய் வேர்விடும் நோய் இது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் அணுக்கள் இன்றும் ஊர் ஊராகப் பரவுகின்றன. கட்டியின்மேல் கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்துச் சாயமேற்றினால், உள்ளே குமிழ்கள் நிறைந்த வட்ட அணுக்கள். பத்து நிமிட வேலை. வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் கரைந்துவிடும்.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் இதயத்தை முதுகெலும்புத் துண்டுகளால் அளக்கும் முறை 1995லிருந்து இருக்கிறது. நாய்க்குப் பொதுவாக 10.5 வரை சரி என்றாலும் குட்டைமூக்கு இனங்கள் அதைத் தாண்டியே நிற்கும். ஸ்கேன், பிடிக்கும் கையின் திறமைக்குத் தக்கபடி தெரியும். ஒரு இடத்தில் மட்டும் அதைத் தாமதிக்கக்கூடாது: கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதம், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, சோர்ந்திருக்கிறது. சர்க்கரை பார்ப்பார்கள், கிரியாட்டினின் பார்ப்பார்கள். வெளியே ஒழுகாமல் கருப்பைக்குள் சீழ் நிறைந்து கிடப்பது ஸ்கேனில் ஒரே நிமிடத்தில் தெரியும்.

எலிக் காய்ச்சலில் உறுதியான விடை தாமதமாகத்தான் வரும். இரண்டு மூன்று வார இடைவெளியில் இருமுறை ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. அதுவரை காத்திருந்தால் நாய் இருக்காது. மழைக்காலம், தேங்கிய தண்ணீர், காமாலை, சிறுநீரகக் கோளாறு சேர்ந்தால் மருந்தைத் தொடங்கிவிட்டு, வீட்டார் கையுறை போட்டுக்கொண்டு சிறுநீரைத் துடைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் மிஞ்சுவது வெறிநோய். வேப்பேரிக் கல்லூரி தொடங்கிய அதே 1903இல் இத்தாலியின் அடெல்கி நெக்ரி, வெறிநாயின் மூளை அணுக்களுக்குள் சில பொட்டுகளைக் கண்டு விவரித்தார். இன்று ஒளிரும் எதிர்ப்பொருளால் மூளைத் திசுவைச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் இன்றும் விடை இருப்பது மூளையில்தான்; உயிரோடிருக்கும் நாயில் நம்பி முடிவெடுக்கக்கூடிய பரிசோதனை கிடையாது. கிளினிக்கில் ஏமாற்றுவது கடிக்க வரும் நாய் அல்ல, அது எல்லோருக்கும் தெரியும். தாடை தொங்கி, எச்சில் வழிய, விழுங்க முடியாமல் சாதுவாக உட்கார்ந்திருக்கும் நாய்தான். “தொண்டையில எலும்பு சிக்கிக்கிச்சு, நானே கையை விட்டுப் பார்த்தேன், ஒண்ணும் தட்டுப்படலை” என்பார் வளர்ப்பவர். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் தாடையை ஆட்டும், ஆனால் பெரும்பாலும் மூக்கொழுகல், பாதம் தடித்தல், தசைத் துடிப்பு என்று கூடவே அடையாளங்கள் வரும். எலும்பு நிஜமாகவே சிக்கியிருக்கவும் கூடும். தடுப்பூசிச் சீட்டு எங்கே, கடந்த சில மாதங்களில் வேறு நாய் கடித்ததா, குரல் மாறியிருக்கிறதா என்று கேட்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும், அதுவும் கையுறையோடு. கடித்த நாய் பத்து நாள் நலமாக உயிரோடிருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று கொள்ளலாம். ஆனால் கடிபட்டவருக்கான தடுப்பூசியை அந்தப் பத்து நாளுக்காக நிறுத்திவைப்பது கிடையாது. சந்தேகம் வந்த நிமிடத்தில் சீட்டின் முதல் வரியில் எழுத வேண்டியது நோயின் பெயர்கூட அல்ல. அந்த நாயின் வாயில் கைவிட்டவர், எச்சிலைத் துடைத்தவர், மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் என்று ஒவ்வொருவரின் பெயரும் போன் எண்ணும்.